ஓமைரா நழுவவிட்ட பந்து

எங்கள் லா ஓர்கெத்தாவில் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் பேஸ்பால் வீரர்கள். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். தொப்பையைத் தள்ளிக்கொண்டு, இரண்டாம் சுற்றிலேயே மூச்சு வாங்கி, மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கிற கூட்டம் அது. ஒவ்வொருத்தனிடமும் ஒரே கதைதான் இருக்கிறது. இருபது வயதில் கராகஸிலிருந்து ஆள் வந்தான், பெரிய அணிக்குக் கூப்பிட்டான், கையெழுத்துப் போடப்போகும் நேரம் பார்த்து முழங்கால் போய்விட்டது. ஒரே ஊரில் இத்தனை முழங்கால்கள் எப்படிப் போயின என்று இதுவரை எந்த டாக்டரும் வந்து விசாரிக்கவில்லை.

பெண்கள் நாங்கள் ஆடுவது கிக்கிம்பால். அதில் மட்டை கிடையாது, கால்தான். ஒருத்தி பந்தைத் தரையோடு உருட்டிவிடுவாள். எதிரணிக்காரி அதை எட்டி உதைத்துவிட்டு, மணல் மூட்டை போட்டிருக்கிற மூன்று மூலைகளையும் சுற்றி, புறப்பட்ட வீட்டு மூலைக்கே ஓடி வரவேண்டும். வந்து சேர்ந்தால் ஒரு ரன். வழியில் ஏதாவது மூலையில் நின்றுகொள்ளலாம், ஆனால் மூலை சேருமுன் பந்தோடு யாராவது தொட்டுவிட்டாலோ, பந்து அந்த மூலைக்கு முந்திப் போய்விட்டாலோ அவுட். பள்ளிக்கூட மைதானத்தில் சின்னதில் ஆட ஆரம்பித்தோம், கல்யாணம் ஆகியும் பிள்ளை பெற்றும் நிறுத்தவில்லை. அதனால் நம் வீரர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் 'பாப்பா விளையாட்டு'.

என் பெயர் பெல்கிஸ். அணியில் பந்து உருட்டுகிறவள் நான்தான். மற்ற நாட்களில் கறிக்கடையில் எலும்பு வெட்டுகிறேன், அதனால் கையில் வலு உண்டு. எனக்குப் புருஷன் இருந்தான். வலென்சியாவுக்கு வேலை தேடப் போனவன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான், நல்லபடியாகத் தேடட்டும்.

எனக்கு எதிரே, வீட்டு மூலைக்குப் பின்னால் குந்தி நின்று பந்து பிடிப்பவள் ஓமைரா. அதிகம் பேசமாட்டாள். எவ்வளவு கோணலாக எறிந்தாலும் அவள் மார்போடு அணைத்துப் பிடித்துவிடுவாள், அவள் பந்தை நழுவவிட்டு நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் எவெலியோ. ஆண்கள் அணிக்குத் தலைவன், ஊரிலேயே பெரிய முழங்கால்காரன். அவன் நடந்து வரும்போது அவனுடைய மண்டைக்கனம் ஒரு முழம் முன்னால் வரும்.

மைதானம் ஊருக்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு, மற்ற நேரமெல்லாம் அவர்களுக்கு என்று ரொம்ப நாளாக நடந்துவந்தது. யாருக்கும் சண்டை இல்லை. அந்த வருஷம் கார்னிவல் திருவிழாவுக்கு முன்னால் மாநில லீக்கிலிருந்து எங்களுக்குச் செய்தி வந்தது. கார்னிவல் முடிந்த முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒரு அம்மாள் வந்து எங்கள் ஆட்டத்தைப் பார்ப்பாள். ஆட்டமும் மைதானமும் பிடித்திருந்தால் லா ஓர்கெத்தா அணியை மாநிலப் போட்டியில் சேர்த்துக்கொள்வார்கள். சொந்த ஊரில் ஞாயிறு காலை ஆட ஒரு மைதானம் வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

இந்தச் செய்தி ஊருக்குள் பரவியதும் நம் வீரர்களுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருஷம் மட்டை பிடித்து அவர்களைத் தேடி ஒரு நாய்கூட வந்ததில்லை, பாப்பா விளையாட்டைப் பார்க்க மாநிலத்திலிருந்து ஆள் வருகிறது. அடுத்த ஊர்க்கூட்டத்திலேயே எவெலியோ எழுந்து நின்றான்.

"மைதானத்த ஞாயித்துக்கிழமை முழுசும் எங்களுக்கு விட்டுடணும். சாயங்காலம் வெயில் மூஞ்சில அடிக்குது, பந்தே தெரிய மாட்டேங்குது."

"காலையில மட்டும் தெரிஞ்சிருமாக்கும்" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஓமைரா சிரிக்கவில்லை, கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எவெலியோவின் முகம் சிவந்துவிட்டது. "ஏ கறிக்கடைக்காரி, வாய்ச்சவடால் எல்லாம் வேணாம். கார்னிவல் ஆட்டத்துல பாத்துக்குவோம். யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை காலை. அந்த லீக்கு அம்மா வர்ற ஞாயித்துக்கிழமையிலருந்தே. என்ன, பயமா?"

"உங்கிட்டயா? வா, ஆடிப் பாத்துக்குவோம்."

நான் யோசிக்காமல் சொன்னேன் என்று பிறகு சில பேர் பேசினார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கூட்டத்தலைவர் கிரிசாந்தோ பெரியவருக்கு ஒரே சந்தோஷம். எதையும் தீர்மானிக்காமலே காலத்தை ஓட்டுகிற மனிதர் அவர். "நல்லாப் பேசி முடிச்சுட்டீங்க, எல்லாரும் சாட்சி" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கார்னிவல் ஆட்டம் என்றால் என்னவென்று சொல்லவேண்டும். வருஷத்தில் ஒரு திங்கட்கிழமை, ஆண்கள் எங்களோடு கிக்கிம்பால் ஆடுவார்கள். சும்மா அல்ல, பெண்வேஷம் கட்டிக்கொண்டு. பெண்டாட்டியின் கவுனை மாட்டி, உதட்டில் சாயம் அப்பி, மார்புக்குப் பலூன் வைத்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி ஆட்டி வருவார்கள். பந்து வந்தால் 'ஐயோ அம்மா' என்று கீச்சுக்குரலில் கத்திக்கொண்டு ஓடுவார்கள். நாங்கள் அப்படித்தான் ஆடுகிறோமாம். ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும். நாங்களும் கூடச் சிரித்துவிட்டு, நாலு பந்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு, அவர்களை ஜெயிக்கவைத்து அனுப்புவோம். அதுதான் வழக்கம். எனக்கு அந்தக் கண்ராவியைப் பார்க்க எப்போதுமே பிடிக்காது.

அந்த வருஷம் மைதானமே பந்தயம். மூளை இருக்கிறவன் என்ன செய்வான்? அரைக்கால்சட்டை மாட்டிக்கொண்டு ஒழுங்காக ஆட வருவான். நம் ஆட்களைத்தான் தெரியுமே. ஊர் முழுக்க இந்தப் பந்தயத்தைப் பற்றியே பேச்சு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம் வரும் என்று தெரிந்ததும் வேஷத்துக்குப் போட்டி போட ஆரம்பித்துவிட்டார்கள். தொளதொள பாவாடை எவனுக்கும் வேண்டாம். இறுக்கமாக இருக்கவேண்டும், பளபளக்கவேண்டும். எவெலியோ, ஓமைராவின் சிவப்புக் கவுனுக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு வந்தான். முழங்காலுக்கு மேலே அது அவனைக் கட்டிப்போட்டிருந்தது. ஓர் அடிக்கு மேல் எட்டி வைக்க முடியவில்லை. அதோடு நின்றானா, கூட்டத்தைப் பார்த்து முத்தம் வேறு பறக்கவிட்டான்.

நான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தேன். எங்களை ஜெயிப்பதைவிட எங்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் இவர்களுக்கு முக்கியம் என்று அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது. சரி, சிரித்துக்கொண்டே தோற்றுப்போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் என் அணியில் எல்லோரும் என்னைப் போல இல்லை. பழக்கதோஷம். தன் புருஷன் பலூனோடு தத்தித் தத்தி ஓடிவந்தால் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிடும், பந்து காலுக்கு நடுவே போய்விடும். முதல் மூன்று சுற்றில் இப்படியே பல ரன்களைத் தாரை வார்த்தார்கள்.

"ஏண்டி, இது கல்யாண வீடா? பந்தப் பாருங்கடி" என்று கத்தினேன்.

"கோவிச்சுக்காத பெல்கிஸ், அவரு காலப் பாரேன், முடியக்கூட வழிச்சிருக்காரு" என்று ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் காலையே வெட்டியிருப்பேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் உறைத்தது. லீக்கு அம்மாள் ஞாபகம் வந்திருக்கவேண்டும். சிரிப்பு நின்றது, கால்கள் பேச ஆரம்பித்தன. கடைசிச் சுற்று வரும்போது இரண்டு பக்கமும் சமம்.

நாங்கள் உதைத்து முடித்தாகிவிட்டது. அவர்கள் முறை. மூன்று பேர் அவுட் ஆனால் முறை முடிந்துவிடும். இரண்டு பேரை அவுட் ஆக்கிவிட்டேன், இன்னும் ஒருவன்தான் பாக்கி. எவெலியோ எப்படியோ மூன்றாம் மூலைக்கு வந்து சேர்ந்திருந்தான். அங்கிருந்து அவன் வீட்டு மூலைக்கு வந்துவிட்டால் ஆட்டம் அவர்களுடையது. உதைக்க வந்தவர் பௌதிலியோ மாமா. பெயருக்குத்தான் அணியில் இருக்கிறார், மாட்டுவண்டியைக் கூட அவர் முந்தமாட்டார்.

உருட்டிவிட்டேன். பௌதிலியோ மாமா உதைத்ததும் பந்து தவழ்ந்துகொண்டு நேராக என் கைக்கே வந்தது. முதல் மூலைக்கு எறிந்திருந்தால் மாமா அவுட், ஆட்டம் சமமாகவே நின்று கூடுதலாக ஒரு சுற்றுக்குப் போயிருக்கும். எறியவில்லை. எனக்கு மாமா வேண்டாம், எவெலியோதான் வேண்டும். அவன் பாதி வழியில் கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் உதட்டுச்சாயம் தாடைவரை வழிய, குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தான். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவன் பெண்டாட்டி கையாலேயே, அந்தக் கோலத்திலேயே அவனை அவுட் ஆக்கவேண்டும் என்று என் உடம்பெல்லாம் துடித்தது. ஓமைராவுக்கு எறிந்தேன்.

நல்ல எறி. பந்து அவள் மார்புக்கு நேராகப் போய்ச் சேர்ந்தபோது எவெலியோ இன்னும் ஐந்தாறு தப்படி தள்ளி இருந்தான். அவள் பந்தைப் பிடித்தாள், அணைத்தாள், தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். பிறகு பந்து அவள் கையிலிருந்து கீழே விழுந்து உருண்டு போனது.

எவெலியோ வீட்டு மூலையின்மேல் வயிற்றோடு விழுந்தான். ஒரு பலூன் வெடித்தது. மற்றவர்கள் ஓடிவந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். கிரிசாந்தோ பெரியவர் கையைத் தூக்கி, ஆண்கள் ஜெயித்தார்கள் என்று சொன்னார்.

சாயங்காலம் தெருக்குழாயடியில் ஓமைராவைப் பிடித்தேன். அந்தச் சிவப்புக் கவுனை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தையல் விட்டுப்போயிருந்தது.

"வேணும்னே விட்ட" என்றேன்.

அவள் கவுனைத் திருப்பிப் போட்டு அலசினாள்.

"பச்சப்புள்ளகூட அந்தப் பந்தப் புடிச்சிருக்கும். சொல்லு, வேணும்னுதானே விட்ட?"

"ஆமா."

இல்லை என்று சொல்வாள், சண்டை போடலாம் என்று வந்தவள் நான். ஆமாம் என்றதும் கத்த ஆரம்பித்துவிட்டேன். "வெக்கமா இல்ல உனக்கு? அந்த மனுஷனுக்காகவா? பொம்பளைங்க அத்தன பேரையும் தெருவுல விட்டுட்டியே. லீக்கு அம்மா வந்து எதப் பாக்கும், அவனுங்க தொப்பையவா?"

ஓமைரா கவுனைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டாள். "நீ மொத மூலைக்கு எறிஞ்சிருக்கலாம். ஏன் எறியல?"

"அது வேற."

"ஒண்ணும் வேற இல்ல. ஊர் முன்னாடி அவன் மூக்க ஒடைக்கணும்னு உனக்கு ஆச. ஒடைச்சுட்டு நீ உன் வீட்டுக்குப் போயிடுவ, ஒத்தையில நிம்மதியாத் தூங்குவ. நாங்க அந்த ஒடைஞ்ச மூக்கத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒரு வருஷத்துக்குச் சோறு போடணும்."

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சுருக்கைவிட இளக்காரம்தான் அதிகமாக இருந்தது. புருஷன் முகம் வாடக்கூடாது என்று மைதானத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டாள், த்தூ. இப்படிப்பட்டவளுக்கா இத்தனை வருஷம் பந்து எறிந்தேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கார்னிவல் முடிந்த சாம்பல் புதன் அன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு எவெலியோ என் முன்னால் வந்து நின்றான். "ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கே எறங்குறோம். வந்து ஆட்டம் எப்படி ஆடறதுன்னு பாரு" என்றான். சாமிக்கு முன்னால் நிற்கிறோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

லீக்கு அம்மாளை வரவேண்டாம் என்று சொல்லவேண்டும். அவ்வளவு தூரம் வந்து அவமானப்பட்டுத் திரும்புவானேன்? கிரிசாந்தோ பெரியவர் வீட்டு டெலிபோன் கார்னிவலில் யாரோ கம்பத்தில் லாரியை மோதியதிலிருந்து செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமை பஸ் டிரைவரிடம் விவரம் சொல்லி, லீக் அலுவலகத்தில் சொல்லிவிடச் சொன்னேன். அவன் ஓமைராவுக்குச் சித்தி மகன். தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலை ஓமைரா கறிக்கடைக்கு வந்தாள். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பன்னிக்கறி வேணும். காலு, முதுகெலும்பு, வாலு எல்லாம் போடு. பெரிய சட்டி நெறைய சூப்பு வெக்கணும்."

"என்ன விசேஷம்?"

"ஜெயிச்சதுக்கு விருந்து. ராத்திரி எங்க வீட்டுல, அணி பூரா வர்றாங்க. ரம்மும் சொல்லியிருக்கேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முதுகெலும்பு ஒரே வெட்டில் இரண்டாகப் போனது. "விருந்து வேறயா? அவனுங்க காலக் கழுவிக் குடியேன், அதுதான் பாக்கி."

"கொழுப்பு நெறையப் போடு. நல்லாத் தின்னட்டும்" என்றாள் ஓமைரா. காசை வைத்துவிட்டுப் போய்விட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவள் முகத்தில் எப்போதும் ஒன்றும் தெரியாது. அன்று ராத்திரி அவள் வீட்டிலிருந்து வந்த பாட்டும் கூச்சலும் என் படுக்கைவரைக்கும் கேட்டன. எவெலியோ மூன்றாம் மூலையிலிருந்து ஓடிவந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் கை தட்டினார்கள். தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

ஞாயிறு காலை காப்பி போடக்கூட எழுந்திருக்கவில்லை. யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் ஓமைரா, அணிச் சட்டை போட்டுக்கொண்டு, கொண்டையைத் துணியால் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னுமா தூங்குற? சட்டையப் போடு. லீக்கு அம்மா வந்தாச்சு, பஸ்ஸு நிக்கிற எடத்துல, கறி வெச்சுப் பொரிச்ச எம்பனாடா தின்னுட்டு இருக்காங்க."

"எப்படி வந்துச்சு? வரவேணாம்னு பஸ்ஸுல சொல்லிவிட்டேனே."

"என் தம்பிதானே டிரைவரு. மறந்துடுன்னு நான்தான் சொன்னேன்."

"வந்து என்னத்துக்கு? மைதானத்துல அவனுங்க இருப்பானுங்களே."

"வந்து பாரு" என்றாள்.

போனோம். மைதானத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. இல்லை, பொய் சொல்லக்கூடாது, ஒரே ஒருவர் இருந்தார். பௌதிலியோ மாமா மட்டையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் மூலை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ரம் ஆகாது, டாக்டர் நிறுத்திவைத்திருக்கிறார். எட்டு மணிக்கு ஆட்டம் என்று தலைவன் சொன்னதை நம்பி வந்த ஒரே பிறவி.

"எங்கம்மா மத்தவங்க?" என்று கேட்டார்.

"தூங்குறாங்க மாமா" என்றாள் ஓமைரா. "எங்க வீட்டுல நாலு பேரு, வாசல்ல ரெண்டு பேரு. மத்தவங்க அவங்கவங்க வீட்டுல. நீங்க ஒண்டியா என்ன ஆடுவீங்க? வாங்க, எங்களுக்கு நடுவரா நில்லுங்க. லீக்கு அம்மாவும் பாப்பாங்க."

மாமாவுக்கு இந்த மரியாதை போதும். மட்டையை ஓரமாக வைத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றார். எங்கள் பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சந்துகளிலிருந்து வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் சட்டை போட்டுத் தயாராக வந்திருந்தார்கள், யாருமே ஆச்சரியப்படவில்லை. எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது.

ஓமைராவைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"பந்த விட்டது இதுக்காகவா?"

"அவன் ஓடி வந்தான்ல, அப்ப அவன் மூஞ்சியப் பாத்தேன். இவன் தோத்தா, ரோஷத்துல ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள எல்லாரையும் கூட்டிட்டு வந்து இங்க படுத்துக்குவான். கார்னிவல் பந்தயம் எல்லாம் செல்லாதும்பான். கிரிசாந்தோ பெரியவரும் தலைய ஆட்டுவாரு. ஒரு வருஷமானாலும் நம்மள உள்ள விடமாட்டானுங்க. ஜெயிச்சுட்டா தூங்குவானுங்க. எத்தன வருஷமா எழுப்பிட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? இவங்களுக்கு மைதானம் வேணும், காலையில எந்திரிக்கத்தான் ஆகாது."

"அடுத்த ஞாயித்துக்கிழமை?"

"சனிக்கிழமைதோறும் எதுக்காவது ஒருத்தனப் பாராட்டி சூப்பு வெச்சாப் போதும். வீட்டுக்கு ஒருத்தியா மொற போட்டுக்கிட்டோம்."

என்னைக் காலால் மிதித்துத் தேய்த்தது போல இருந்தது. ஊரிலேயே அந்த ஆம்பிளைகளை இளக்காரமாக நினைப்பவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். நான் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். இவள் அவர்களைத் திட்டக்கூட லாயக்கில்லாதவர்களாக நினைத்து, கொழுப்புச் சூப்பு ஊற்றிப் படுக்கவைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எனக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? கறிக்கடையில வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்ப. அது அவன் காதுக்குப் போச்சுன்னா, அந்த ஒரு ரோஷத்துலயே எந்திரிச்சு வந்துடுவான்." சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்க் குந்தினாள். "ம், உருட்டு."

உருட்டினேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு அணியாகப் பிரிந்து ஆடிய ஆட்டத்தைப் பற்றி லா ஓர்கெத்தாவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். லீக்கு அம்மாள் எம்பனாடாவைக் கையில் வைத்தபடியே தின்ன மறந்துபோனாள். ஓமைரா ஒரு பந்தைக்கூட விடவில்லை. முடிந்ததும் அந்த அம்மாள் எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்து, மாநிலப் போட்டியில் எங்கள் முதல் ஆட்டம் இதே மைதானத்தில் என்று சொன்னாள். இரண்டு மூன்று பேர் அழுதுவிட்டார்கள், நானும்தான்.

மூட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தோம். உச்சிவெயிலில் எவெலியோ வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன, சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டியிருந்தான், பின்னால் ஏழெட்டுப் பேர் தலையைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார்கள். மைதானத்தையும் எங்கள் சட்டைகளையும் லீக்கு அம்மாளையும் மாறிமாறிப் பார்த்தான். என்ன நடந்திருக்கிறது என்று அவன் மண்டைக்குள் மெதுவாக ஏறியது. ஏறிய வேகத்திலேயே ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டான், அதிலெல்லாம் கெட்டிக்காரன்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அம்மாளுக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னான். "என்ன பெல்கிஸ், ஆடி முடிச்சாச்சா? பொம்பளைங்க ஆசப்படுறீங்களேன்னுதான் நாங்களே பாத்து விட்டுக்கொடுத்தோம். மைதானம் எங்களுதுதான், மறந்துடாத. வேணும்னா அப்பப்பக் கேளுங்க, தர்றோம்."

என் நாக்கு நுனியில் அவனுக்கான பதில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவன் இன்றைக்கு வரைக்கும் மறந்திருக்கமாட்டான். அங்கிருந்த எல்லோரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓமைராவும் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல ஒன்றும் காட்டாத முகத்தோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பதிலை அப்படியே விழுங்கினேன். "ரொம்ப நன்றி எவெலியோ" என்றேன். "பெரிய மனசு உனக்கு."

அவன் நெஞ்சு அப்படியே பலூன் மாதிரி உப்பியது. என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, லீக்கு அம்மாளிடம் தன் முழங்காலைப் பற்றிச் சொல்லப் போனான்.